சென்னை ஓப்பன் நம்முடையதாக இருந்ததே இல்லை

ஒவ்வொரு ஜனவரி முதல் வாரமும் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு திவசம் நடக்கும். மதியச் சாப்பாட்டு டேபிளில் முப்பதைத் தாண்டிய யாராவது ஒருவன் ஆரம்பிப்பான்: "மச்சான், இந்நேரம் நுங்கம்பாக்கத்துல மேட்ச் ஓடிட்டிருக்கும்ல." அடுத்தவன் நடாலை நேரில் பார்த்த கதையை எடுப்பான். மூன்றாவது ஆள் புனேக்காரனைத் திட்டுவான். போன வருடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "சென்னைல ஏடிபி டோர்னமென்ட்லாம் நடந்துச்சா?" என்று கேட்டபோது, பாட்டிக்குப் படையல் வைக்கிற நேரத்தில் "யாரு இந்தப் பாட்டி?" என்று கேட்ட பிள்ளையைப் பார்ப்பது மாதிரி எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

இந்தத் திவசத்தில் மூன்று மந்திரங்கள் உண்டு. ஒன்று, "புனே நம்மகிட்டேருந்து தூக்கிட்டுப் போயிட்டான்." இரண்டு, "நம்ம ஊர்க்காரனுக்கு டென்னிஸெல்லாம் எங்க புரியுது, கிரிக்கெட்தான்." மூன்றாவதைச் சொல்பவர் பெரும்பாலும் இலக்கியம் படிக்கிறவர்: "பணக்காரன் விளையாட்டு, போனா என்ன?" மூன்றுமே தப்பு என்பதுதான் என் கட்சி. மூன்றையும் வெவ்வேறு வயதில் நானே சொல்லியிருக்கிறேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2008 ஜனவரியில் நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஹாஸ்டல் ரூம்மேட்டும் நானும் மெஸ் பில்லுக்கு வைத்திருந்த காசில் சனிக்கிழமை செமி ஃபைனலுக்கு டிக்கெட் எடுத்தோம். நடாலும் கார்லோஸ் மோயாவும். இரண்டு பேருமே மயோர்க்கா தீவுக்காரர்கள். ஒருவர் அப்போது உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம். இன்னொருவர் பத்து வருடம் முன்னால் பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்து, இந்த நுங்கம்பாக்கத்திலேயே 2004, 2005 என்று அடுத்தடுத்து இரண்டு முறை கோப்பை வாங்கியவர். மூன்று செட்டும் டை பிரேக்குக்குப் போனது. மேட்ச் பாயிண்டிலிருந்து தப்பித்து நடால் ஜெயித்து முடிக்கக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. எனக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் ஒவ்வொரு நீண்ட ராலி முடிந்ததும் "அடப்பாவி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அது யாரைச் சொன்னார் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஃபைனலில் நடாலால் ஓட முடியவில்லை. மிகைல் யூஷ்னி 6-0, 6-1 என்று முடித்துவிட்டார்.

அதனால் "நம்ம ஊர்க்காரனுக்குப் புரியாது" என்ற மந்திரத்தை முதலில் தூக்கிப் போடலாம். அந்தக் கேலரி எனக்குச் சாட்சி. கூட்டம் வராததால் செத்த போட்டி இல்லை இது.

அப்படியென்றால் எதனால் போனது? அதற்கு இது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். இந்தப் போட்டி பிறந்தது சென்னையிலேயே இல்லை. 1996-இல் டெல்லியில் பிறந்தது. ஸ்வீடனின் தாமஸ் என்க்விஸ்ட் முதல் சாம்பியன். அடுத்த வருடமே போட்டி சென்னைக்கு வந்துவிட்டது. தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக 1995-இல் கட்டிய ஸ்டேடியம் நுங்கம்பாக்கத்தில் ரெடியாக இருந்தது. அதாவது, டெல்லிக்கு நாம்தான் புனே. டெல்லிக்காரன் எவனாவது சாப்பாட்டு டேபிளில் உட்கார்ந்து "சென்னைக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்" என்று அழுதானா, தெரியாது. அழுதிருந்தாலும் நாம் காதில் வாங்கியிருக்க மாட்டோம். வந்தபோது திறமை, போனபோது திருட்டு என்று பேசுவது நியாயமில்லை.

அடுத்து, பெயரைப் பாருங்கள். மெட்ராஸ் சென்னையாக மாறியது 1996-இல். ஆனால் மறுவருடம் இங்கே வந்த போட்டிக்கு அந்தப் புதுப்பெயர் உடனே கிடைக்கவில்லை. அதன் பெயர் கோல்டு ஃப்ளேக் ஓப்பன். ஆமாம், சிகரெட். மூச்சை நம்பி ஆடுகிற விளையாட்டுக்கு மூச்சைக் கெடுக்கிற பொருளின் பெயர். 1998-இல் பேட் ராஃப்டர், அதற்கு முந்தைய செப்டம்பரில் யுஎஸ் ஓப்பன் ஜெயித்தவர், இங்கே வந்து கோப்பையைத் தூக்கியது இந்தப் பெயரின் கீழ்தான். அந்தக் காலத்தில் இது யாருக்கும் உறுத்தவில்லை. கிரிக்கெட் உலகக் கோப்பையே 1996-இல் வில்ஸ் உலகக் கோப்பையாகத்தான் நடந்தது. பிறகு காற்று மாறியது. புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் 2003-இல் வந்தது. அதற்கு முன்பே, 2002-இல், போட்டி டாடா ஓப்பன் ஆகியிருந்தது. 2010 முதல் கடைசி வரை ஏர்செல் சென்னை ஓப்பன்.

சிகரெட், பெரிய தொழில் குழுமம், செல்போன். இந்தியப் பொருளாதாரத்தில் எந்தக் காலத்தில் யார் கையில் விளம்பரக் காசு புரண்டது என்று தெரிய வேண்டுமா, பொருளாதாரப் புத்தகம் வேண்டாம், இந்தக் கோப்பையின் பெயர்ப் பட்டியல் போதும். ஊரின் பெயர் யாருடைய கம்பெனிப் பெயரும் ஒட்டாமல் தனியாக நின்றது 2005 முதல் 2009 வரை, ஐந்தே வருடம். இருபத்தொரு வருடத்தில் ஐந்து. "நம்ம சென்னை ஓப்பன்" என்று நாம் உருகுவதில் எவ்வளவு பங்கு உண்மையில் நம்முடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

இப்போது என் தொழில் பாஷையில் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் வேலையில் ஒரு அப்ளிகேஷன் யாருடையது என்று தெரிந்துகொள்ள, அதன் முகப்பில் யார் லோகோ இருக்கிறது என்று பார்க்க மாட்டோம். அது ஓடுகிற கிளவுட் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்போம். அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஓனர். மற்றவர் எல்லாம் யூசர். ஏடிபி டூரும் அப்படித்தான். காலண்டரில் வாரங்கள் எண்ணி வைத்த மாதிரி இருக்கின்றன. ஒரு வாரத்தில் போட்டி நடத்தும் உரிமை என்பது ஒரு சொத்து. அதை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், ஊர் மாற்றலாம். அமெரிக்காவில் மெம்ஃபிஸில் பல வருடங்கள் நடந்த போட்டி 2018-இல் நியூயார்க்குக்குப் போனது. சென்னை விஷயத்தில் அந்த உரிமை ஐஎம்ஜி நிறுவனத்தின் கையில் இருந்தது. தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் நடத்திக் கொடுத்தது. ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது, அதாவது நம் வரிப்பணத்துடையது. அரசு உதவித்தொகையும் கொடுத்தது. ஆக, வீடு நம்முடையது, வேலை செய்தவர்கள் நம்மவர்கள், கைதட்டியவர்கள் நாம். சாவி மட்டும் நம்மிடம் இல்லை.

அந்த வாரத்தின் நிலவரத்தையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியன் ஓப்பனுக்கு முந்தைய நாட்கள். அதே வாரத்தில் தோஹாவிலும் போட்டி, பிரிஸ்பேனிலும் போட்டி. தோஹாவில் எண்ணெய்ப் பணம். பிரிஸ்பேன் ஆஸ்திரேலியாவிலேயே இருப்பதால் வெயில், நேர மாற்றம் எல்லாம் பழகிக்கொள்ளலாம். சென்னைக்கு ஒரு நட்சத்திரத்தை வரவழைக்க வேண்டுமென்றால், பரிசுத்தொகைக்கு வெளியே, வந்து ஆடுவதற்கென்றே தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். இந்த அளவுப் போட்டிகளில் அது அனுமதிக்கப்பட்ட விஷயம்தான், ரகசியமில்லை. அந்தப் பணத்தை ஸ்பான்சர்தான் கொடுக்க வேண்டும். ஸ்பான்சர் தள்ளாடினால் போட்டி தள்ளாடும். 2017 ஜனவரியில் கடைசிப் போட்டி முடிந்தது. ஜூலையில் புனேக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். மறுவருடம் பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தது. மாநிலம் முழுக்க ஜனங்கள் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றக் கடை கடையாக நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். போட்டி இங்கேயே இருந்திருந்தாலும் 2018-இல் பெயர்ப்பலகையைக் கழற்றித்தான் இருக்க வேண்டும்.

புனேவில் மட்டும் நிலைத்ததா? டாடாவின் பெயர் அங்கே மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. 2018, 2019, 2020, கொரோனாவில் ஒரு வருடம் போய், 2022, 2023. ஐந்தே தடவை. அப்புறம் அங்கேயும் இல்லை. நாம் எவனைத் திட்டிக்கொண்டிருந்தோமோ அவனும் நம் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறான். 1885-இலிருந்து நடந்த சிட்னி போட்டி, முப்பது வருட ஹாப்மன் கோப்பை, இரண்டையும் 2019-க்குப் பிறகு ஓரங்கட்டிவிட்டு ஏடிபி கோப்பை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது மூன்றே தடவை நடந்து செத்துப் போனது. புனே திருடவில்லை. திருட்டு என்றால் சொந்தக்காரன் வேண்டும். நாம் சொந்தக்காரர்கள் இல்லை.

இதுவரை எழுதியதைப் போன மாதம் எங்கள் பின்தெருவில் இருக்கும் ஒரு அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கிளப்பில் மார்க்கர். தெரியாதவர்களுக்கு: உறுப்பினர்களோடு பந்து அடித்துப் பழக்குவது, கோர்ட்டைக் கவனிப்பது, வலை கட்டுவது, எல்லாம் மார்க்கர் வேலை. பாதிக் கோச், பாதி வேலைக்காரர். ஆடத் தெரிந்தவர்களில் அவர்தான் அந்த கிளப்பில் முதல் ஆள். ஆனால் கிளப் கேன்டீனில் உட்கார்ந்து காபி குடிக்க முடியாத ஒரே ஆளும் அவர்தான்.

"ஆக, அது நம்முடையதே இல்லண்ணே. இருபத்தொரு வருஷம் வாடகைக்கு இருந்தோம். வெத்து ஜம்பம்" என்று முடித்தேன்.

அவர் சிரித்தார். "தம்பி, ராஃப்டர் வந்த வருஷம் நான் பால் பாய். பதிமூணு வயசு. அந்தாளு டவலை என் கையிலதான் குடுத்தாரு."

"சரிண்ணே, அது ஒரு ஞாபகம். அதனால என்ன கிடைச்சுது?"

"என்ன கிடைச்சுதா? எங்கப்பா மீன் வண்டி. அந்த ஒரு வாரம் இல்லேன்னா நான் இந்த கிளப்பு கேட்டுக்குள்ளயே வந்திருக்க மாட்டேன். பந்து பொறுக்கப் போனவன்தான் பந்து அடிக்கக் கத்துக்கிட்டேன். நீங்க டிக்கெட் வாங்கிப் பாத்தீங்க. அதனால உங்களுக்கு அது போனா போச்சு."

எனக்குப் பதில் வரவில்லை. மூன்றாவது மந்திரத்துக்கு, "பணக்காரன் விளையாட்டு, போனா என்ன" என்பதற்கு, அவர்தான் பதில் என்று அப்புறம்தான் உறைத்தது. நான் ஸ்பான்சர், உரிமை, குத்தகை என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீழே ஒரு வாசல் திறந்திருந்ததைச் சொல்கிறார்.

அந்த வாசல் அவருக்கு மட்டும் திறக்கவில்லை. 2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன், தரவரிசைப்படி நேரடியாக உள்ளே வர முடியாதவர், வைல்ட் கார்டில் வந்தார். மோயாவை வீழ்த்தினார். கார்லோவிச்சை வீழ்த்தினார். ஃபைனல் வரை போய் மாரின் சிலிச்சிடம் தோற்றார். வைல்ட் கார்டு என்பது பிச்சை இல்லை. உள்ளூர்க்காரன் அளவில் ஒரு வாரம் தன்னை வைத்துப் பார்க்கக் கிடைக்கும் அளவுகோல். வெளிநாட்டுப் போட்டி எதுவும் அதை அவருக்குத் தந்திருக்காது. ஒவ்வொரு நாடும் தன் பையனுக்குத்தான் வைல்ட் கார்டு கொடுக்கும். பயஸும் பூபதியும் இங்கே ஐந்து முறை இரட்டையர் கோப்பை வாங்கினார்கள். கடைசி வருடமான 2017-இல் ஒற்றையர் ஃபைனலில் பாவ்டிஸ்டா அகுட்டிடம் தோற்ற இருபது வயதுப் பையனின் பெயர் டேனியல் மெத்வதேவ். அவர் ஆடிய முதல் ஏடிபி ஃபைனல் அது. பின்னாளில் யுஎஸ் ஓப்பன் ஜெயித்து, உலகின் முதல் இடத்துக்குப் போனார். அதே வருடம் இரட்டையர் ஃபைனலில் நான்கு பேரும் இந்தியர்கள். ஜெயித்தது ரோஹன் போபண்ணாவும் ஜீவன் நெடுஞ்செழியனும். ஜீவன் சென்னைக்காரர். சென்னை ஓப்பனின் கடைசிக் கோப்பைகளில் ஒன்றைத் தூக்கியது சென்னைக்காரரின் கை. திவச டேபிளில் இதைச் சொன்னால் "யாரு?" என்கிறார்கள். நடால் வந்தது தெரியும், ஜீவன் ஜெயித்தது தெரியாது. நம் ஏக்கத்தின் லட்சணம் இதுதான்.

இங்கேதான் என் சண்டை. திவசம் கொடுப்பவர்களோடு மட்டுமில்லை, இரண்டு பக்கத்திலேயும் முதல் பாதியில் நான் எழுதியதோடும். நாம் எதை இழந்தோம் என்பதையே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "சர்வதேச அடையாளம்" என்கிறோம். சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஒரு நகரத்துக்கு நட்சத்திரம் வந்து போவது அடையாளமென்றால் ஏர்போர்ட்தான் பெரிய அடையாளம். இழந்தது அந்த வாரத்தைச் சுற்றி இருந்த ஏணி. பால் பாய், லைன் அம்பயர், ராக்கெட் நரம்பு கட்டுபவர், நட்சத்திரத்தோடு பிராக்டிஸ் அடிக்கக் கிடைக்கும் ஜூனியர், வைல்ட் கார்டில் நுழையும் உள்ளூர்ப் பையன். அந்த ஏணியின் மேல் படியைப் புனே கழற்றிக்கொண்டு போனது. சரி. கீழ்ப் படிகளை யார் கழற்றினார்கள்? யாரும் கழற்றவில்லை. இருபத்தொரு வருடத்தில் நாம் அவற்றை மாட்டவே இல்லை. வருடத்தில் ஒரு வாரம் ஜொலித்த ஸ்டேடியத்தைக் காட்டி மீதி ஐம்பத்தொரு வாரத்தை மறந்துவிட்டோம்.

இந்த ஊருக்கு அந்தத் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விம்பிள்டன் செமி ஃபைனலுக்கு 1960, 1961 என்று இரண்டு முறை போன ராமநாதன் கிருஷ்ணன், அவர் மகன் ரமேஷ், அமிர்தராஜ் சகோதரர்கள் எல்லோரும் மெட்ராஸ் கோர்ட்டுகளில் ஆடியவர்கள். சிகரெட் கம்பெனியின் கோப்பை வருவதற்கு முன்பே, 1966, 1974, 1987 என்று மூன்று முறை இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. போட்டி டென்னிஸைக் கொண்டுவரவில்லை. டென்னிஸ் இருந்ததால் போட்டி வந்தது. இந்த வரிசையை மாற்றிப் படிப்பதுதான் நம் முதல் தப்பு.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைதானம் பூட்டிக் கிடக்கவில்லை. 2022 செப்டம்பரில் பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டி அங்கே நடந்தது. பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்தோவா ஜெயித்தார். 2025-இல் அது மறுபடி நடந்தபோது இந்தோனேசியாவின் ஜேனிஸ் ட்ஜென் ஜெயித்தார். ஆண்களுக்கு அடுத்த கட்டமான சேலஞ்சர் போட்டி 2018, 2019-இல் நடந்தது, 2023-இல் மறுபடி வந்தது. 2024-இல் சுமித் நாகல் அதை ஜெயித்து உலகின் முதல் நூறு பேருக்குள் போனார். என் கணக்கில் இது நடால் வந்ததைவிடப் பெரிய செய்தி. ஆனால் என் கேன்டீன் டேபிளில் ஒருவன்கூட அந்த ஃபைனலைப் பார்க்கப் போகவில்லை. நானும் போகவில்லை. ஸ்டேடியம் எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு பஸ் தூரம். போட்டி போய்விட்டதே என்று அழுகிறவனுக்கு நடக்கிற போட்டிக்குப் போக நேரமில்லை.

அந்த மார்க்கர் அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். விடிகாலை ஐந்தரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கிளப்புக்குப் போகிறார். ஆறே காலுக்கு முதல் உறுப்பினரின் கார் வரும். அதற்குள் முக்கால் மணி நேரம். கார் ஹாரன் கேட்டதும் அவள் பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு சைடு கேட் வழியாக வெளியே வந்துவிட வேண்டும். ஒருநாள் நான் அவர்களோடு போனேன். அவளுடைய பேக்ஹேண்டைப் பற்றி நான் ஏதும் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரையும் நட்சத்திரம் தேடுகிற கட்டுரை ஆகிவிடும். அவள் சாம்பியன் ஆவாளா என்பது கேள்வியே இல்லை. ஆறே காலுக்கு அவள் ஏன் வெளியே வர வேண்டும் என்பதுதான் கேள்வி. ஜூனியர் போட்டிகளுக்கு ஊர் ஊராக ரயிலில் போக வேண்டும். நல்ல ராக்கெட் வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் ஒரு கோர்ட் வேண்டும். எங்கள் பேட்டையில் மாநகராட்சித் திடல் இருக்கிறது, அதில் டென்னிஸ் கோர்ட் இல்லை. பணம் கட்டிச் சேரும் அகாடமிகள் இருக்கின்றன, அவற்றின் மாதக் கட்டணம் அவருடைய சம்பளத்தில் பாதி.

ஏடிபி போட்டி திரும்ப வர வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் நானும் டிக்கெட் எடுப்பேன். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால், எவனும் ஒப்பந்தம் போட்டுத் தூக்கிக்கொண்டு போக முடியாத ஒன்றைக் கேளுங்கள். சிமென்ட் தரையைப் புனேவுக்குக் கொண்டுபோக முடியாது. வலை கட்டிய ஒரு பொதுக் கோர்ட், ஒரு விளக்கு, சம்பளம் வாங்கும் ஒரு பயிற்சியாளர். இது இருந்தால் ஸ்பான்சர் செத்தாலும் ஏணி சாகாது. போட்டி வந்தால் அதன் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்: பால் பாய்ஸும் பால் கேர்ள்ஸும் மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்து, பிராக்டிஸ் கோர்ட்டுகள் மீதி வருடம் முழுக்க இலவசமாக அவர்களுக்கு. பொது ஸ்டேடியத்தைக் கொடுக்கும் அரசுக்கு இதைக் கேட்க எல்லா உரிமையும் இருக்கிறது.

வரும் ஜனவரியிலும் எங்கள் கேன்டீனில் திவசம் நடக்கும். யாராவது நடால் கதையை எடுப்பான். நானும் வேட்டி கட்டிய பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டேன், அந்த நாள் அப்படி. சொல்லி முடித்ததும் ஒன்று கேட்பேன்: உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், உறுப்பினர் அட்டை இல்லாத ஒரு பிள்ளை பந்து அடிக்கக் கோர்ட் எங்கே இருக்கிறது? பதில் தெரியாதவன் தன் வார்டு கவுன்சிலரின் நம்பரைத் தேடி எடுக்கட்டும். எனக்கும் தெரியாது. என் வார்டு கவுன்சிலருக்குப் போன வாரம் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.